வீட்டுக் கொல்லையில் மட்கு உரமும் மண்வளமும்

மட்கு உரம் (கம்போஸ்ட்) என்பது சாணம், சருகு, வைக்கோல், களைச்செடி, காய்கறித் தோல் போன்ற உயிர்ப்பொருள்களை நுண்ணுயிரிகளின் துணையால் மட்கச் செய்து பெறும் உரம் ஆகும். நன்றாக மட்கிய உரம் கரும்பழுப்பு நிறமாகவும் பொலபொலப்பாகவும் இருக்கும். கையில் அள்ளி முகர்ந்தால் சாண நாற்றம் இராது. மழை நனைத்த மண்ணின் வாசம் இருக்கும். எதிலிருந்து செய்யப்பட்டது என்று அடையாளம் காண முடியாத அளவுக்கு அது உருமாறியிருக்க வேண்டும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டுக் கிராம வீட்டை மனத்தில் கொண்டது. ஒன்றிரண்டு மாடுகள், சில தென்னைகள், ஒரு முருங்கை, வேலியோரம் வேம்பு, கிணற்றடியில் வாழை, நாலைந்து காய்கறிப் பாத்திகள் என்று பத்து சென்ட் முதல் அரை ஏக்கர் வரை கொல்லை உள்ள குடும்பம் தன் மண்ணை எவ்வாறு படிப்படியாக வளப்படுத்தலாம் என்பதே இதன் பொருள். மாடில்லாத வீடுகளுக்கு உரியதும் பின்னால் கூறப்படுகிறது.

பெயர்கள்

எரு என்பது பொதுப்பெயர். மாட்டுத் தொழுவத்திலிருந்து கிடைப்பது தொழு உரம். தழைகளை நிலத்திலேயே மடக்கி உழுவது தழையுரம் அல்லது பசுந்தாள் உரம். பல ஊர்களில் எருவைக் குப்பை என்றே சொல்வார்கள். 'வயலுக்குக் குப்பை அடித்தல்' என்றால் வண்டியில் எருவை ஏற்றிச் சென்று வயலில் கொட்டுவது என்று பொருள். நெகிழிப் பைகளும் ஷாம்பு உறைகளும் வருமுன்பு வீட்டில் பெருக்கிக் கொட்டப்பட்ட அனைத்தும் எருவாகக் கூடியவையாக இருந்ததால், இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இன்று அந்தச் சொல்லை நம்பி வீட்டுக் குப்பை முழுவதையும் எருக்குழியில் கொட்டினால், நிலத்தில் நெகிழித் துண்டுகளும் பேட்டரிக் கட்டைகளும்தான் சேரும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்த இரு குறள்கள் எருவைப் பற்றிப் பேசுகின்றன. உழுத மண்ணைக் கால் பங்காக வற்றும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது ஒன்றின் கருத்து. உழுவதைவிட எருவிடுவது நல்லது என்பது அடுத்ததன் கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தோன்றும். மண் நன்றாகக் காய்ந்து மீண்டும் நனையும்போது நுண்ணுயிரிகளின் செயல் திடீரென்று பெருகி, மட்கில் அடங்கியிருந்த தழைச்சத்து வெளிப்படுகிறது என்பதை இன்றைய மண்ணியலும் ஏற்கிறது. ஆனால் அது மண் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துச் செலவழிப்பது. செலவழித்ததை ஈடுசெய்வது எரு. இவ்வாறு நோக்கினால் இரு குறள்களும் பொருந்தி வருகின்றன.

மண்ணில் மட்கின் வேலை

மட்கு உரத்தை யூரியாவோடு ஒப்பிடுவது பரவலான பழக்கம். அந்த ஒப்பீட்டில் மட்கு தோற்றுவிடும். தொழு உரத்தில் சராசரியாகத் தழைச்சத்து 0.5 விழுக்காடு, மணிச்சத்து 0.2 விழுக்காடு, சாம்பல் சத்து 0.5 விழுக்காடு உள்ளதாக வேளாண் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அதாவது 100 கிலோ எருவில் அரைக் கிலோ தழைச்சத்துதான் இருக்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான யூரியா அதே அளவைக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் எருக்கூடையைச் சுமக்க மாட்டார்.

எருவின் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. மட்கும்போது நுண்ணுயிரிகள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் மண் துகள்களைச் சிறு உருண்டைகளாகப் பிணைக்கின்றன. உருண்டைகளுக்கு இடையே உள்ள பெரிய துளைகளில் காற்றும், அவற்றுக்குள்ளே உள்ள நுண்துளைகளில் நீரும் தங்குகின்றன. இந்த அமைப்புக் குலைந்த மண்ணில் மழைத்துளி விழுந்தவுடன் மேற்பரப்பு ஓடுபோல இறுகி, நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஐப்பசி மழையில் கொல்லை முழுவதும் தண்ணீர் தேங்கி, தை மாதத்திலேயே செடி வாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அமைப்பைப் பிணைத்துத் தருவது யூரியாவால் ஆகாதது.

மண்ணின் மட்கு அளவை அங்ககக் கரிமம் என்ற பெயரில் மண் பரிசோதனை நிலையங்கள் அளக்கின்றன. 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் அட்டையிலும் இது குறிக்கப்படுகிறது. 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது நாட்டில் வழங்கும் அளவுகோல். தமிழ்நாட்டின் புன்செய் நிலங்கள் பெரும்பாலும் முதல் வகையில் அடங்கும். உழவரின் கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று; வெப்பமும் காரணம். மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் காலத்தில் நுண்ணுயிரிகள் மட்கை விரைவாகத் தின்று கரியமில வாயுவாக்கி விடுகின்றன. குளிர்நாட்டு மண்ணில் பல்லாண்டு தங்கும் மட்கு இங்கு அத்தனை காலம் தங்குவதில்லை. வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களின் பரிந்துரைகளை அப்படியே பின்பற்றுவோர் ஏமாற்றமடைவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதன் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 8 டன்னுக்குச் சற்று மேல் எடை இருக்கும். அதில் அங்ககக் கரிமத்தை 0.1 விழுக்காடு உயர்த்த 8 கிலோவுக்கு மேல் கரிமம் வேண்டும். 100 கிலோ மட்கு உரத்தில் நீரும் மண்ணும் போகக் கரிமம் ஏறக்குறைய 10 கிலோ இருக்கலாம். அதிலும் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். ஆகவே ஒரு முறை எரு போட்டு மண்ணைத் திருத்திவிட முடியாது. ஆண்டுதோறும் போட வேண்டும். போட்டதைக் காக்கவும் வேண்டும்.

பழைய எருக்குழியில் உள்ள குறைகள்

பாரம்பரிய எருக்குழியைக் குறையே இல்லாததாகப் போற்றுவதும், பழமை என்று ஒதுக்குவதும் சரியல்ல. கழிவு எதையும் வீணாக்காத ஒழுங்கு அதில் இருந்தது. அதே சமயம் சத்து வீணாகும் வழிகள் பலவும் அதில் இருந்தன.

முதலாவது, மாட்டின் சிறுநீர். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி சிறுநீரில் இருக்கிறது. சாணத்தைக் கூடையில் அள்ளும் வீடுகளிலும் சிறுநீர் தொழுவத்தின் தரையில் ஊறி வீணாகிறது, அல்லது கழுவும் நீரோடு சாக்கடைக்குப் போகிறது. தொழுவத்தில் சருகு, கடலைப் பொட்டு, மாடு தின்னாமல் கழித்த வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பரப்பி வைத்து, நனைந்ததை நாள்தோறும் எடுத்துக் குவியலில் சேர்த்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். மண் தரையாக இருந்தால் சிறுநீர் ஊறிய மேல்மண்ணை அவ்வப்போது சுரண்டி எடுத்துப் புதுமண் பரப்பலாம். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம், வேறு எந்த நுட்பத்தையும்விட அதிகப் பலன் தரும்.

இரண்டாவது, திறந்த குழி. வெயிலில் காயும் சாணத்திலிருந்து தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கிறது. மழையில் சாம்பல் சத்தும் கரையக்கூடிய பிற சத்துகளும் அரித்துப் போகின்றன. எருக்குழியோரம் தேங்கும் கறுப்பு நீர் அந்தச் சத்துதான். மூன்றாவது, அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகச் சாணத்தின்மேல் கொட்டுவது. சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரச் சாணத்தோடு மிகுதியாகக் கலந்தால் அம்மோனியா வெளியேறுவதை அது விரைவுபடுத்தும். கைப்பிடி அளவில் தூவுவதில் தவறில்லை.

இவற்றோடு வறட்டி தட்டுவதையும், காலையில் வாசல் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய், சாம்பல் மட்டுமே மிஞ்சுகிறது. விறகுக்கு வழியில்லாத காலத்தில் வறட்டி தவிர்க்க முடியாததாக இருந்தது. எரிவாயு வந்த வீட்டிலும் சருகைக் கொளுத்தும் பழக்கம் தொடர்வதற்கு அத்தகைய நியாயம் இல்லை.

இந்தூர் முறை

மட்கு உரம் செய்வதை அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்திய முயற்சிகளில் புகழ்பெற்றது இந்தியாவிலேயே நடந்தது. 1905இல் இந்தியாவுக்கு வந்து பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வுநிலையத்தை நடத்தினார். அவருடைய மனைவியும் தாவரவியலாளருமான கேப்ரியேல் ஹோவர்ட் 1930இல் இறக்கும்வரை இப்பணிகளில் உடனிருந்தார். சீனா, கொரியா, ஜப்பான் நாட்டு உழவர்கள் கழிவுகளைப் பயன்படுத்திய விதம் பற்றி எஃப். எச். கிங் எழுதிய நூலும், இந்திய உழவர்களிடம் ஹோவர்ட் நேரில் கண்டவையும் இந்த முறைக்கு அடிப்படை. யஷ்வந்த் வாத் என்பவருடன் இணைந்து 1931இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தூர் முறை விளக்கப்பட்டது.

காய்ந்த தாவரக் கழிவு, சாணம், சிறுநீர் ஊறிய தொழுவ மண், சிறிது மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, காற்றுப் புகும்படி மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும் என்பது அதன் சாரம். தொழுவ மண்ணுக்கு ஹோவர்ட் கொடுத்த இடம் கவனிக்கத்தக்கது.

பின்னர் சி. என். ஆச்சார்யா 1939இல் பெங்களூரில் வகுத்த முறை, நகரக் கழிவுகளைப் புரட்டாமல் மூடி வைத்து மட்கச் செய்வது. உழைப்புக் குறைவு, காலம் ஆறு முதல் எட்டு மாதம். மகாராட்டிரத்தின் புசத் ஊரைச் சேர்ந்த நாராயண் தேவ்தாவ் பாண்டரிபாண்டே உருவாக்கிய நாடெப் முறை மற்றொன்று. துளைகள் விட்டுக் கட்டிய, 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 3 அடி உயரமும் உள்ள செங்கல் தொட்டியில் ஏறக்குறைய 1,500 கிலோ தாவரக் கழிவும் 1,750 கிலோ சலித்த மண்ணும் இடப்படுகின்றன. சாணம் 100 கிலோ அளவே போதும். மாடு குறைந்த வீட்டுக்கு இது ஏற்றது என்றாலும் தொட்டி கட்டும் செலவு உண்டு.

எதை எதோடு சேர்ப்பது

நுண்ணுயிரிகளுக்குக் கரிமம் உணவு. தழைச்சத்து உடல் வளர்க்க வேண்டியது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருக்கும்போது மட்குதல் சீராக நடக்கும். வைக்கோலில் இந்த விகிதம் 60 முதல் 80 வரை இருக்கும். தென்னை நார்க்கழிவில் 100க்கு மேல். மரத்தூளில் பல நூறு. சாணத்தில் 20 அளவு. கிளைரிசிடியா, அகத்தி, கொழுஞ்சி போன்ற பயறு வகைத் தழைகளில் அதைவிடக் குறைவு. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காய்ந்து பழுத்து உடையும் பொருள் கரிமம் மிகுந்தது, பச்சையாகவும் ஈரமாகவும் உள்ள பொருள் தழைச்சத்து மிகுந்தது என்று பிரித்துக்கொண்டு, காய்ந்தது இரண்டு கூடைக்குப் பச்சையும் சாணமும் சேர்ந்து ஒரு கூடை என்று தொடங்கலாம். பிறகு குவியலே எது கூடுதல், எது குறைவு என்று காட்டிவிடும்.

எருக்கு, ஆவாரை, வேம்பு, புங்கன் தழைகள் நல்லவை. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கிப் போடலாம். கோரைக்கிழங்கையும் அறுகம்புல் வேரையும் போடக்கூடாது. குவியலின் சூடேறாத ஓரத்தில் அவை பிழைத்து, அடுத்த ஆண்டு பாத்தி முழுவதும் முளைக்கும். வாடல் நோய் கண்ட தக்காளி, கத்தரிச் செடிகளும் வேண்டாம். இறைச்சி, மீன் கழிவு போட்டால் நாய் வந்து கிளறும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். குவியலில் கை வைக்குமுன் மண்வெட்டியால் தட்டிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

குவியல் எழுப்பும் காலமும் முறையும்

தமிழ்நாட்டின் பருவம் இப்பணிக்கு வசதியாக அமைந்துள்ளது. தைப் பொங்கலுக்குப் பின் அறுவடைக் கழிவு கிடைக்கிறது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கிறது. அப்போது எழுப்பும் குவியல் ஆனியில் மட்கி முடிந்து, ஆடிப்பட்ட விதைப்புக்குப் பயன்படும். கோடை என்பதால் நீர் மட்டும் தொடர்ந்து விட வேண்டும்.

இடம் மரநிழலில், கிணற்றிலிருந்து தள்ளி, தொழுவத்துக்கு அருகில் இருப்பது ஏற்றது. வறண்ட மேட்டு நிலத்தில் இரண்டடி ஆழக் குழி ஈரத்தைக் காக்கும். தாழ்வான இடத்திலும் மழைக்காலத்திலும் குழி கிணறாகிவிடும் என்பதால் தரைக்கு மேல் குவியலாகவே போட வேண்டும். குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்றடிக்குக் குறையக் கூடாது; குறைந்தால் சூடு தங்காது. நாலரை அடி அகலமும் நாலடி உயரமும் வேலைக்கு வசதி. நீளம் பொருளைப் பொறுத்தது.

அடியில் துவரைமார், பருத்திமார், பிளந்த தென்னை மட்டை ஆகியவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அரையடிக்குப் பரப்பினால் காற்று கீழிருந்து புகும். அதன்மேல் காய்ந்த பொருள் அரையடி, பச்சைத் தழை இரண்டு மூன்று அங்குலம், அதற்குமேல் ஒரு பங்கு சாணத்துக்கு நான்கைந்து பங்கு நீர் சேர்த்த சாணிக்கரைசல், ஒரு கூடை தொழுவ மண் என்ற வரிசையில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். வைக்கோலையும் தோகையையும் நறுக்கிப் போட்டால் மட்கும் காலம் குறையும். ஒவ்வொரு அடுக்கும் நனைய வேண்டும்; ஆனால் ஒழுகக் கூடாது. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்ப்பதே சரியான ஈரம். முடிவில் தென்னங்கீற்றோ சாக்கோ போட்டு மூடிவிடலாம்.

சரியாக அமைந்த குவியல் மூன்று நான்கு நாளில் சூடேறும். கடப்பாரையை நடுவில் செருகிச் சற்று நேரம் கழித்து உருவினால் முனையைப் பிடிக்க முடியாத அளவு சுடும். 55 முதல் 65 டிகிரி செல்சியசு வரையிலான இந்த வெப்பத்தில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிகின்றன. 70 டிகிரிக்கு மேல் போனால் மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளே மடியத் தொடங்கும். அப்போது புரட்டி ஆற்ற வேண்டும். சூடு தணியும்போது பூஞ்சைகளும், மண்வாசத்துக்குக் காரணமான ஆக்டினோமைசீட்டுகளும் பெருகி வைக்கோல், சருகு போன்ற கடினப் பொருளைச் சிதைக்கின்றன. சாம்பல் பூத்ததுபோல் உள்ளே தெரியும் வெண்மை இவற்றின் வேலை. கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று.

15ஆம் நாள், 30ஆம் நாள், 60ஆம் நாள் என்று மூன்று முறை புரட்டினால் போதும். வெளியே இருந்ததை உள்ளும், உள்ளிருந்ததை வெளியும் போடுவதே புரட்டுதலின் நோக்கம். வெறுமனே கிளறுவது அன்று. புரட்டும்போதுதான் குவியல் தன் நிலையைச் சொல்கிறது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் சாணமும் பச்சையும் மிகுதி. சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் நீர் மிகுந்து காற்று புகவில்லை. எறும்பும் கறையானும் ஏறியிருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது. எந்த நாற்றமும் இல்லாமல், சூடும் இல்லாமல் போட்டது போட்டபடி கிடந்தால் குவியல் சிறியதாக இருக்கலாம், அல்லது சாணம் போதாமல் இருக்கலாம். முடிவில் அளவு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். முதன்முறை செய்பவர்கள் இதைக் கண்டு மனம் தளர்வதுண்டு. ஆனால் அது இயல்பானதே.

காண்டாமிருக வண்டு

தென்னை உள்ள கொல்லையில் எருக்குழி ஓர் ஆபத்தையும் கொண்டுவரும். தென்னையின் விரியாத குருத்தைத் துளைத்து, விரிந்தபின் ஓலைகள் கத்தரித்ததுபோல் தோன்றச் செய்யும் காண்டாமிருக வண்டு, முட்டையிடுவது மட்கும் பொருளில்தான். அதன் புழு மரத்தைத் தின்பதில்லை. எருக்குழியிலும் செத்த தென்னந்தடியிலும் சில மாதங்கள் வளர்ந்து வண்டாகிப் பறந்து சென்று குருத்தைத் தாக்குகிறது. ஆண்டு முழுவதும் கிளறாமல் கிடக்கும் குழி அதற்குத் தொட்டில். தன் தென்னையின் பகைவனைத் தானே வளர்க்கும் வீடுகள் இவ்வகையில் பல.

சூடேறும் குவியலில் புழுக்கள் நிலைப்பதில்லை. புரட்டும்போது வெளிப்படுபவற்றைக் கோழிகளும் மைனாக்களும் பொறுக்கித் தின்றுவிடும். மூன்று நான்கு மாதத்தில் உரத்தை எடுத்துப் பயன்படுத்திவிடுவதே சிறந்த காப்பு. பழைய குழியாக இருந்தால் மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்னும் பச்சைப் பூஞ்சையை நீரில் கலந்து தெளிக்க வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். அது புழுவைத் தாக்கிக் கொல்லும். வெள்ளையாகத் தடித்த புழுவெல்லாம் பகை என்று கொள்ள வேண்டாம். கீழே விட்டால் மல்லாந்து முதுகால் ஊர்ந்து செல்பவை பூவண்டு வகையின் புழுக்கள். அவை மட்கை நொறுக்கித் தருபவை. காண்டாமிருக வண்டின் புழு அவ்வாறு ஊராது. பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும்.

மாடில்லாத வீடு

மாடு வைத்திருப்பது குறைந்துவரும் காலம் இது. நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவில் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ சேரும் என்று கொண்டால் ஆண்டுக்கு 365 கிலோ ஆகிறது. சருகோடு சேர்ந்து மட்கினால் 100 கிலோவுக்குக் குறையாத உரம் கிடைக்கும். ஒரு சென்ட் காய்கறிப் பாத்திக்கு அது போதும். அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட இரண்டு பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்று நிறையும்போது மற்றது மட்கும்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நாள் கழிவின்மேலும் இரு மடங்கு சருகு போட்டு மூடுவதே ஈயும் நாற்றமும் வராமல் காக்கும். முதல் முறை மட்டும் ஒரு கூடை சாணமோ பழைய எருவோ கலந்தால் நல்லது. புளித்த மோரும் தெளிக்கலாம் என்பார்கள். சருகும் ஈரமும் சரியாக இருந்தால் அது இல்லாமலும் மட்கும்.

மண்புழு உரம் தயாரிப்போர், சூடான புதுக்குவியலில் புழுவை விடக்கூடாது, இறந்துவிடும். பாதி மட்கி ஆறிய பொருளிலேயே விட வேண்டும். விற்பனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க இனம். உள்நாட்டு இனங்களே போதும் என்று சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். மேல்மட்டத்தில் வாழும் பெரியோனிக்சு, மண்ணுக்குள் வளை தோண்டும் லம்பிட்டோ ஆகிய இரு உள்நாட்டு இனங்களும் ஈரமும் மட்கும் உள்ள இடத்தில் தாமாகவே வந்து சேர்பவை.

எவ்வளவு, எங்கே

பயிர்ச் சாகுபடிப் பரிந்துரைகளில் நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன், காய்கறிகள் பலவற்றுக்கு 25 டன் தொழு உரம் என்று குறிக்கப்படும். வீட்டுக் கணக்கில் இது சென்ட்டுக்கு 50 கிலோ, 100 கிலோ ஆகும். ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ அளவில் சாணம் போடும். மேயும் இடத்தில் விழுவது போக வீட்டுக்குக் கிடைப்பதைச் சருகோடு மட்கச் செய்தால் ஆண்டுக்கு ஒன்றரை டன், நன்றாகச் செய்தால் இரண்டு டன் உரம் வரலாம். அதாவது 15 முதல் 20 சென்ட் காய்கறி நிலத்துக்குத்தான் அது காணும். அதே இரண்டு டன்னை இரண்டு ஏக்கருக்கு இறைத்தால் எங்கும் எந்த மாற்றமும் தெரியாது. மண்ணை வளப்படுத்த நினைக்கும் குடும்பம் பாத்திகளிலும் மரத்தடி வட்டங்களிலும் உரத்தைக் குவித்து இட வேண்டும். ஒரு பகுதி தேறிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். எஞ்சிய நிலத்துக்குக் கொழுஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்து மடக்குவதும், வழி இருக்கும் ஊர்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவதும் பொருந்தும்.

மட்காத எருவை இடுவது பெருந்தவறு. அரைகுறையாக மட்கிய வைக்கோல் மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிரிகளுக்காக இழுத்துக்கொள்ள, செடி மஞ்சளிக்கும். கறையானும் வந்து சேரும். ஐயம் இருந்தால் ஒரு கொட்டாங்கச்சியில் உரத்தை நிரப்பித் தண்டுக்கீரை விதையைத் தூவிப் பார்க்கலாம். முளைப்பு நன்றாக இருந்து நாற்று பச்சையாக நின்றால் உரம் முதிர்ந்தது.

இட்ட உரத்தை வெயிலில் பரப்பிப் போட்டு வைக்கக் கூடாது. மாலையில் இட்டு, மேல்மண்ணோடு நான்கு அங்குலத்துக்குள் கொத்திவிட்டு, மேலே சருகு அல்லது ஓலையால் மூடாக்குப் போட வேண்டும். மூடாக்கு மண்ணின் சூட்டைக் குறைப்பதால் மட்கு கரையும் வேகமும் குறைகிறது. இதைச் செய்யாமல் ஆண்டுதோறும் உரம் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

மண்ணுக்கு மண் பலன் தெரியும் விதமும் மாறும். தூத்துக்குடி மாவட்டத் தேரி மணலில் நீரைப் பிடித்து வைப்பதே முதல் தேவை. அங்கு உரத்தோடு கண்மாய் வண்டலும் சேர்ப்பது உதவும். கரிசலில் நீர் ஏற்கெனவே தங்கும். இறுக்கம் தளர்ந்து காற்று புகுவதே அங்கு கிடைக்கும் நன்மை. செம்மண்ணில் மேற்பரப்பு ஓடு கட்டுவது குறைவது முதல் மழையிலேயே தெரியும்.

மாற்றத்தை மாணவர்களும் எளிதாகச் சோதிக்கலாம். உரமிட்ட பாத்தியிலிருந்து ஒன்று, இடாத தரையிலிருந்து ஒன்று என நன்கு காய்ந்த இரண்டு மண்கட்டிகளை எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளை நீரில் மெதுவாக இறக்க வேண்டும். மட்கு குறைந்த கட்டி சில நிமிடங்களில் கரைந்து நீரைக் கலங்கடிக்கும். மட்கு மிகுந்த கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில், அதே இரண்டு இடங்களிலிருந்து கட்டி எடுத்து, கரைய ஆன நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். முதலாண்டில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அது தெரியத் தொடங்கும்.